இத்தா நாட்களில் வீட்டை விட்டுப் போவது யார்?



இம்மாதம் ஒரே ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அது புத்தளத்திலிருந்து வந்திருக்கிறது. ஆனால் அதிலுள்ள விஷயத்தில் பாதி, நான் இருந்து எழுதுகின்ற இந்த வேலணையைச் சேர்ந்தது. எழுதிய சகோதரி தன் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கேட்காவிட்டாலும் வெளியிட மாட்டேன். இந்தத் தீவிலே முஸ்லிம் குடும்பங்கள் மிகச் சிலவே. ஆகவே யார் என்று ஊகிப்பதில் உங்கள் நேரத்தைச் செலவிட வேண்டாம். இதே நிலையில் இருப்பவர்கள் இருவரல்லர்.

1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் வடமாகாண முஸ்லிம்கள் 70,000இற்கும் மேற்பட்டோர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். யாழ்ப்பாண நகரத்தவர்க்கு ஒக்டோபர் 30ஆம் திகதி கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். அப்படிப் போனவர்களில் பெரும்பாலோர் புத்தளத்திலே தங்கினர். அங்கேயே காணி வாங்கினர். அங்கேயே பெண்மக்களுக்கு வீடு கட்டிக் கொடுத்து நிக்காஹ் செய்துவைத்தனர். 2009இல் யுத்தம் முடிந்த பின்னர் ஆண்களில் ஒரு பகுதியினர் வாப்பாவின் வளவையும் பழைய வியாபாரத்தையும் தேடி வடக்கே திரும்பி வந்தார்கள். மனைவிமார் வரவில்லை. பிள்ளைகளின் பள்ளிக்கூடம் அங்கே, கிணறும் வீடும் அங்கே. ஆக, கணவன் ஓரிடம், மனைவி ஓரிடம். மாதத்தில் இரண்டு தடவை பஸ் ஏறி வருகிற கணவனை வைத்துக்கொண்டு ஒரு பெண் குடும்பம் நடத்துகிறாள் என்றால், அது சாதாரணக் காரியமல்ல.

கடிதம் எழுதிய சகோதரியின் நிலையும் இதுவே. காசு அனுப்பியது போதாது என்று ஒரு பேச்சு. மாமி ஏதோ சொன்னதாக இன்னொரு பேச்சு. தொலைபேசியிலே பேச்சு வளர்ந்து, கணவர் ஒரு முறை தலாக் என்று சொல்லிவிட்டார். சொல்லி இப்போது நாற்பது நாட்கள். கணவரின் மூத்த சகோதரி, அதாவது மதினி, எல்லாம் முடிந்துவிட்டது என்கிறாராம். சகோதரியின் காக்காவோ, இனி அவன் தவழ்ந்து வந்தாலும் வாசற்படி மிதிக்க விடமாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறாராம். இதற்கிடையிலே கணவரிடமிருந்து, பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று ஒரு குறுஞ்செய்தி வந்திருக்கிறது. அவர் கேட்கிறார்: என் நிக்காஹ் முறிந்துவிட்டதா? அவர் திரும்பி வந்தால் மீண்டும் நிக்காஹ் செய்ய வேண்டுமா? காக்கா தடுத்தால் என்ன?

முதலில் நேரான பதிலைச் சொல்லிவிடுகிறேன். முறியவில்லை, முறியத் தொடங்கியிருக்கிறது. ஒரு தடவை சொல்லப்பட்ட தலாக், மீட்டுக்கொள்ளத்தக்க தலாக் ஆகும். இதைத் தலாக் ரஜ்யீ என்பர். இத்தா முடியும் வரை கணவர் மீட்டுக்கொள்ளலாம். அதற்குப் புது நிக்காஹ் வேண்டாம், புது மஹர் வேண்டாம், வலியின் சம்மதமும் வேண்டாம். இத்தாவுக்குள் காக்காவின் சத்தியத்திற்கு மார்க்கத்தில் எந்த மதிப்பும் இல்லை. மதினியின் தீர்ப்புக்கும் அவ்வாறே.

தொலைபேசியில் சொன்னது செல்லுமா என்று சிலர் கேட்பார்கள். பேசியவர் கணவர்தான் என்பது உறுதியாயிருந்தால், நேரில் சொன்னதற்கும் அதற்கும் வேறுபாடு இல்லை. எழுதி அனுப்பினால் மட்டும் விஷயம் சற்று மாறும். ஷாஃபிஈ மத்ஹபிலே எழுத்து என்பது ஜாடைச் சொல்லின் இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. எழுதியவனின் எண்ணம் தலாக்தானா என்று விசாரிக்க வேண்டும். வாயாலே தெளிவாகச் சொன்னவன், நான் அப்படி நினைக்கவில்லை என்று பின்வாங்க முடியாது. கோபத்தில் சொன்னேன் என்பதும் பொதுவாக எடுபடாது. மகிழ்ச்சியாயிருக்கும் போது மனைவியைத் தலாக் சொன்னவன் எங்கே இருக்கிறான்?

இனி, இத்தாவின் கணக்கு. கர்ப்பமாயிருந்தால் பிரசவம் வரை. மாதவிடாய் நின்றுவிட்டவர்க்கு மூன்று மாதங்கள். மற்றவர்க்கு மூன்று ‘குரூஉ’. இந்தச் சொல்லுக்குத்தான் இமாம்கள் இரு பொருள் கொண்டார்கள். நம் நாட்டில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபிலே அது சுத்தமாயிருக்கும் காலத்தைக் குறிக்கும். சுத்தமாயிருந்த வேளையிலே தலாக் சொல்லப்பட்டிருந்தால், அந்த மீதி நாட்களே ஒன்றாகக் கணக்கிடப்பட்டு, மூன்றாவது மாதவிடாய் தொடங்கும்போது இத்தா முடியும். ஹனபி மத்ஹபிலே மூன்று மாதவிடாய் முழுமையாகக் கழிய வேண்டும். சகோதரி நாற்பது நாட்கள் என்று எழுதுகிறார். மாதந்தோறும் ஒழுங்காக வருபவருக்கு நாற்பது நாளிலே மூன்றாவது தொடங்கியிருக்க இடமில்லை. ஆகவே வாசல் இன்னும் திறந்தே இருக்கிறது. ஆனால் அதிக நாட்கள் இல்லை.

மாதவிடாயின் போது சொல்லப்பட்ட தலாக்காயிருந்தால் அது இன்னொரு பாவத்தையும் சேர்த்துக்கொள்கிறது. இப்னு உமர் (ரலி) அவர்கள் அப்படிச் சொன்ன செய்தி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு எட்டியபோது, அவர்கள் கோபமுற்று, மனைவியைத் திருப்பி அழைத்துக்கொள்ளுமாறு உத்தரவிட்டார்கள். சுத்தமாகி, மறுபடி மாதவிடாய் வந்து, மறுபடி சுத்தமாகி, அப்போதும் அதே எண்ணமிருந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்பதே அந்த உத்தரவின் சாரம். ஒரு மாதத்திற்கு மேல் பொறுக்க வேண்டும். அத்தனை நாள் பொறுத்தபின் எத்தனை பேருக்கு அந்தக் கோபம் மிஞ்சும்?

மீட்டுக்கொள்வது எப்படி? ஷாஃபிஈ மத்ஹபின்படி வாயாலே சொல்ல வேண்டும்: உன்னை மீட்டுக்கொண்டேன், என் மனைவியாகத் திருப்பிக்கொண்டேன் என்பது போல. வெறுமனே வந்து வீட்டில் படுத்துக்கொள்வது மீட்பாகாது. ஹனபிகளிடம் செயலாலும் மீட்கலாம். இரண்டு சாட்சிகளை வைத்துக்கொள்வது சுன்னத்து. 65ஆம் அத்தியாயமாகிய சூரத்துத் தலாக்கின் இரண்டாம் வசனம் அதைத்தான் ஏவுகின்றது. பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்ற குறுஞ்செய்தி மீட்பாகாது, சகோதரி. ஆனால் அது நல்ல அறிகுறி.

இப்போது இக்கட்டுரையின் தலைப்புக்கு வருகிறேன். என் மனத்தில் அதிகமாக உறுத்துவது இதுதான்.

அதே சூராவின் முதல் வசனம், தலாக் சொல்லப்பட்ட பெண்களை அவர்களுடைய வீடுகளிலிருந்து வெளியேற்றக் கூடாது, அவர்களும் வெளியேறக் கூடாது என்று விதிக்கிறது. கணவன் வாடகைக்கு எடுத்த வீடானாலும், அவனுடைய சொந்த வீடானாலும், அங்கே அல்லாஹ் ‘அவர்களுடைய வீடுகள்’ என்றே பெண்களோடு சேர்த்துச் சொல்கிறான். ஏன் இந்த விதி? இத்தாவின் நாட்களிலே இருவரும் ஒருவர் கண்ணுக்கு ஒருவர் தென்பட வேண்டும். பிள்ளை அழும்போது இருவருக்கும் கேட்க வேண்டும். அதற்குள் அல்லாஹ் ஏதேனும் ஒரு மாற்றத்தை ஏற்படுத்தக்கூடும் என்ற எதிர்பார்ப்பு அந்த வசனத்தின் முடிவிலேயே இருக்கிறது.

அரபு நாட்டிலே பெண் கணவன் வீட்டுக்குப் போவாள். ஆகவே கோபம் வந்தால் துரத்தப்படுபவளும் அவளே. வசனம் அவளைக் காக்கிறது. எங்கள் வடக்கிலும் கிழக்கிலும் நிலைமை தலைகீழ். வீடு பெண்ணுடையது. சீதனமாகக் கிடைத்தது. இங்கே வேலணையிலே எங்கள் தமிழ் அயலவர்களுக்குத் தேசவழமை என்று ஒரு சட்டமே இருக்கிறது. ஒல்லாந்தர் காலத்தில் 1707ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பட்டது. பெண்ணின் சீதனத்தை அது தனிச் சொத்தாகப் பேசுகிறது. முஸ்லிம்களாகிய நமக்குச் சட்டம் வேறு. ஆனாலும் பெண்ணுக்கு வீடு கொடுக்கும் வழக்கத்தில் நாம் அவர்களுக்குப் பின்னிற்கவில்லை. ஆகவே இங்கே தலாக் சொன்னவுடன் பெட்டியைத் தூக்குபவன் ஆண். மாப்பிள்ளை தன் உம்மா வீட்டுக்குப் போகிறான். அங்கே ராத்தாமார் சுற்றி உட்கார்ந்து நெருப்பை ஊதுகிறார்கள். இங்கே காக்காமார் வாசலை அடைக்கிறார்கள். மூன்று மாதங்கள் இப்படியே கழிந்துவிட்டால், இத்தா என்ற அந்த அருட்கொடை யாருக்கும் பயன்படாமல் போகிறது. சகோதரியின் விஷயத்திலோ இடையில் ஒரு பகல் பயணமும், பண்ணைப் பாலமும், ஒரு கடலும் இருக்கின்றன.

வீடு மனைவியுடையதாயிருந்தால் இமாம்கள் என்ன சொன்னார்கள்? எங்கள் அரபுக் கல்லூரிகளிலே ஓதப்படுகின்ற நவவி இமாமின் மின்ஹாஜிலே இதற்குத் தெளிவான பதில் உண்டு. அவள் தன் வீட்டிலேயே இத்தா இருக்கலாம். அந்த நாட்களுக்கான வாடகையைக் கணவனிடம் கேட்டு வாங்கலாம். ஆம், சகோதரிகளே! உங்கள் சொந்த வீட்டில் நீங்கள் இருப்பதற்கு அவர் வாடகை தர வேண்டும். ஏனென்றால் இத்தாவில் உறைவிடம் கொடுப்பது அவர் கடமை. உணவு, உடைச் செலவும் ரஜ்யீ தலாக்கின் இத்தாவிலே அவர் மீதுதான். இதைச் சொல்லிச் சண்டை பிடியுங்கள் என்று நான் சொல்லவில்லை. இத்தாவிலே அவர் உங்களுக்கு அந்நியர் அல்லர், பொறுப்பாளர் என்பதை அறிந்துகொள்ளவே சொல்கிறேன். அந்த நாட்களில் ஒருவர் இறந்துவிட்டால் மற்றவர் வாரிசாவார். இறந்தால் சொத்து வரும், உயிரோடிருந்தால் வாசலில் ஏறக்கூடாதா?

அதற்காக, அவர் வந்து பழையபடி கூடிக்குலவி இருக்கலாமா என்று கேட்டால், ஷாஃபிஈ மத்ஹபிலே மீட்பதற்கு முன் அது ஆகாது. தனித்திருத்தலும் ஆகாது. ஆனால் விவரம் தெரிந்த பிள்ளைகளோ, உம்மாவோ, சகோதரனோ வீட்டிலிருக்க, அவர் வந்து முன்விறாந்தையில் உட்கார்ந்து பிள்ளைகளைப் பார்த்துவிட்டுப் போவதை எந்த மத்ஹபும் தடுக்கவில்லை. ஹனபிகள் இன்னும் ஒரு படி மேலே போய், அவளுக்கு அந்த நாட்களில் அவர் கண்ணுக்கு அலங்கரித்துக்கொள்ளலாம் என்றார்கள். இமாம்களுக்கு மனித மனம் தெரிந்திருந்தது.

காக்காமாருக்கும் வாப்பாமாருக்கும் ஒரு முன்மாதிரி சொல்கிறேன். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு நாள் மகள் பாத்திமா (ரலி) அவர்களின் வீட்டுக்கு வந்தார்கள். மருமகன் அலீ (ரலி) அவர்களைக் காணவில்லை. எங்கே என்று கேட்டார்கள். எங்களுக்குள்ளே ஒன்று நடந்தது, கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்றார்கள் மகள். என்ன நடந்தது, யார் மீது பிழை என்று நாயகம் கேட்டதாக அந்த ஹதீஸில் இல்லை. மருமகனைத் தேடினார்கள். அவர் பள்ளிவாசலிலே மண் மீது படுத்துக் கிடந்தார். மேலாடை விலகி முதுகெல்லாம் மண். நாயகம் தம் திருக்கரத்தாலே மண்ணைத் தட்டிவிட்டு, மண்ணின் தந்தையே எழுந்திரும் என்ற பொருள்பட, அபூ துராப் என்று அன்போடு அழைத்து எழுப்பினார்கள். அந்தப் பெயரே அலீ (ரலி) அவர்களுக்கு மிகப் பிரியமான பெயராகிவிட்டது. வீட்டை விட்டுப் போன மாப்பிள்ளையைத் தேடிப் போனவர் பெண்ணைப் பெற்றவர்! எங்கள் ஊர் வாப்பாமாருக்கு இது எவ்வளவு பொருத்தமான பாடம்!

அடுத்தது, நாட்டுச் சட்டம். மார்க்கத் தீர்ப்பு ஒன்று, அரசாங்கப் பதிவேடு இன்னொன்று என்பதைப் பெண்கள் மறந்துவிடக் கூடாது. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் 1954 ஓகஸ்ட் முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தது. தலாக் சொல்ல விரும்பும் கணவன் என்ன செய்ய வேண்டுமென்பதை அதன் இரண்டாம் அட்டவணை கூறுகிறது. அவன் முதலில் தன் எண்ணத்தைக் காதி நீதிபதிக்கு அறிவிக்க வேண்டும். எந்தக் காதிக்கு? மனைவி வசிக்கும் பகுதியின் காதிக்கு. வேலணையிலிருக்கும் கணவர், புத்தளத்திலிருக்கும் மனைவியைத் தலாக் சொல்ல விரும்பினால் புத்தளத்திற்குத்தான் போக வேண்டும். அதன் பிறகு காதி, உறவினரையும் பெரியோரையும் ஊரிலே செல்வாக்குள்ள முஸ்லிம்களையும் கொண்டு இருவரையும் இணக்கப்படுத்த முயல வேண்டும். முப்பது நாட்கள் கழிந்தும் இணக்கம் ஏற்படாவிட்டால்தான், காதியின் முன்னிலையிலே இரண்டு சாட்சிகளோடு தலாக் சொல்லலாம்.

அந்த அட்டவணையிலே எனக்கு மிகவும் பிடித்த ஒரு விதி இருக்கிறது. கணவன் எதற்காகத் தலாக் சொல்கிறான் என்ற காரணத்தைக் காதி பதியக் கூடாது. காரணமில்லாமல் விலக்கலாமா என்று இதைக் குறை சொல்வோர் உண்டு. அவர்கள் சொல்வதிலும் நியாயமுண்டு. எனினும், கோபத்திலே அள்ளி வீசப்பட்ட அவதூறுகள் ஒரு பெண்ணின் பெயரோடு அரசாங்கப் புத்தகத்திலே ஏறாமல் தடுப்பது சிறிய காரியமா? அந்தப் புத்தகம் அவள் பிள்ளைகளின் காலத்திலும் இருக்கும்.

தொலைபேசியிலே தலாக் சொல்லிவிட்டுக் காதியிடம் போகாமல் இருப்பவர் சட்டத்தின் இந்த முப்பது நாளையும் தாண்டிக் குதித்துவிடுகிறார். விளைவு என்ன? மார்க்கப்படி இத்தா ஓடிக்கொண்டிருக்கும். பதிவேட்டிலோ அவள் இன்னும் அவர் மனைவி. நாளை இத்தா முடிந்து இன்னொரு வரன் வந்தால் கையிலே பத்திரம் இருக்காது. இத்தாச் செலவையும் கைக்கூலியையும் கேட்கப் போனால், தலாக் நான் சொல்லவே இல்லை என்று மறுக்கவும் செய்வார். ஆகையால் சகோதரி, தலாக் சொல்லப்பட்ட திகதியையும் நேரத்தையும், அப்போது பக்கத்தில் இருந்தவர் யாரென்பதையும் எழுதி வையுங்கள். உங்கள் பகுதிக் காதியிடம் நீங்களே போய் விஷயத்தைச் சொல்லி, இணக்க முயற்சிக்கு அவரை அழைக்கும்படி கேட்கலாம். பெண் போய்க் கேட்பது வெட்கமான காரியமல்ல. நபிகள் நாயகத்தின் சபைக்கே பெண்கள் இப்படி வந்து முறையிட்டிருக்கிறார்கள்.

காதி நீதிமன்றங்களிலே குறைகள் இல்லையா என்றால், இருக்கின்றன. தவணைக்கு மேல் தவணை, பெண்ணைப் பேச விடாமை, பராமரிப்புப் பணத்துக்கு அலைய விடுதல் என்ற முறைப்பாடுகளை நாடெங்கும் கேட்கிறோம். இந்தச் சட்டத்தைத் திருத்துவதற்காக 2009இலே நீதியரசர் சலீம் மர்சூப் அவர்களின் தலைமையில் ஒரு குழு நியமிக்கப்பட்டது. அது அறிக்கை கொடுத்தது 2018 ஜனவரியில். ஒன்பது ஆண்டுகளில், குழு தொடங்கிய வருடம் பிறந்த பிள்ளை நான்காம் வகுப்புக்குப் போயிருக்கும். அப்போதும் குழு ஒருமனதாக இல்லை. எது மார்க்கம், எது வழக்கம் என்று பிரித்தறியாமல் பேசியதே இந்த இழுபறிக்குப் பெருங்காரணம் என்பது என் அபிப்பிராயம்.

இணக்கப்படுத்துவதைப் பற்றித் திருமறை சூரத்துன் நிஸாவின் 35ஆம் வசனத்திலே ஒரு வழியைக் காட்டுகிறது. கணவன் குடும்பத்திலிருந்து ஒரு நடுவர், மனைவி குடும்பத்திலிருந்து ஒரு நடுவர். இரண்டே பேர்! எங்கள் ஊர்களிலோ முன்விறாந்தையிலே பன்னிரண்டு ஆண்கள் கதிரை போட்டு உட்காருவார்கள். தேநீர் வரும், பணிஸ் வரும். விசாரிக்கப்படுகிற பெண் குசினிக் கதவுக்குப் பின்னால் நிற்பாள். அவள் சொல்ல வேண்டியதைக் காக்கா சொல்வார். அது நடுவர் சபையல்ல, வேடிக்கை.

உதுமான் (ரலி) அவர்களின் காலத்திலே நடந்த ஒரு சம்பவம் நூல்களிலே வருகிறது. அலீ (ரலி) அவர்களின் சகோதரர் அகீல் (ரலி) அவர்களுக்கும் உத்பாவின் மகள் பாத்திமாவுக்கும் திருமணம் நடந்தது. பாத்திமா செல்வம் மிக்கவர். செலவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியே மணந்தவர். உத்பாவும், அவருடைய சகோதரர் ஷைபாவும் பத்ரிலே இஸ்லாத்துக்கு எதிராக நின்று மாண்ட குறைஷித் தலைவர்கள். கணவர் வீட்டுக்குள் வரும்போதெல்லாம் பாத்திமா, என் வாப்பா உத்பா எங்கே, ஷைபா எங்கே என்று பெருமை பேசுவார். ஒரு நாள் அகீல் களைத்து வந்தார். அன்றும் அதே கேள்வி. நீ நரகத்துக்குள் போனால் உன் இடப்பக்கம் பார், இருப்பார்கள் என்றார். பாத்திமா உடையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நேரே கலீபாவிடம் போய் முறையிட்டார். உதுமான் (ரலி) அவர்கள் சிரித்துவிட்டார்கள். பிறகு இப்னு அப்பாஸ், முஆவியா (ரலி) ஆகிய இருவரையும் நடுவர்களாக அனுப்பினார்கள். பிரித்துவிடுவேன் என்றார் ஒருவர். அப்து மனாபின் மக்களிலே இருவரைப் பிரிக்க நான் உடன்படமாட்டேன் என்றார் மற்றவர். இப்படி வாதித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தால், அங்கே கதவு அடைத்திருந்தது. தம்பதிகள் தாமாகவே சமாதானமாகியிருந்தார்கள்!

கலீபா சிரித்தார் என்பதைக் கவனியுங்கள். எதற்குச் சிரிக்கலாம், எதற்குச் சிரிக்கக் கூடாது என்று தெரிந்தவரே நடுவராகத் தக்கவர். குத்தல் பேச்சிலே பிறந்த சண்டைக்குச் சிரிக்கலாம். அடி, குடி, பட்டினி போடுதல் என்றால் சிரிப்பதற்கு எதுவுமில்லை. அங்கே பொறுத்துப் போ மகளே என்று சொல்வது நடுநிலையாகாது.

நடுவர்களின் அதிகாரத்திலே இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் அவர்கள் இரு தரப்பின் பிரதிநிதிகள்; ஒப்புதல் இல்லாமல் பிரிக்க முடியாது. இமாம் மாலிக் அவர்களிடத்திலே அவர்கள் நீதிபதிகளைப் போன்றவர்கள். எந்த மத்ஹபிலும், பெண்ணை மிரட்டிச் சேர்த்துவைக்கும் அதிகாரம் நடுவருக்கு இல்லை.

பரீரா (ரலி) அவர்களின் செய்தி இதற்குப் போதும். அவர் அடிமையாயிருந்து விடுதலை பெற்ற பெண். விடுதலையானதும், அடிமையாகவே இருந்த கணவர் முகீஸை விட்டுப் பிரியும் உரிமை அவருக்குக் கிடைத்தது. பிரிந்துவிட்டார். முகீஸோ மதீனாத் தெருக்களிலே அவர் பின்னால் அழுதுகொண்டே திரிந்தார். கண்ணீர் தாடியிலே வழிந்தது. நாயகம் (ஸல்) அவர்கள் மனம் இரங்கி, அவரிடம் திரும்பிப் போகலாமே என்றார்கள். இது உத்தரவா என்று பரீரா கேட்டார். இல்லை, சிபாரிசு மட்டுமே என்றார்கள் நாயகம். அப்படியானால் எனக்கு அவர் வேண்டாம் என்றார் பரீரா. அவ்வளவுதான். யாரும் அவரைக் கண்டிக்கவில்லை. அல்லாஹ்வின் தூதருடைய சிபாரிசையே மறுக்க ஒரு பெண்ணுக்கு இடமிருந்தது என்றால், பள்ளிவாசல் நிர்வாக சபையின் சிபாரிசு அதற்கு மேலானதா?

இத்தா முடிந்த பிறகு கணவர் திரும்பி வந்தால்? ஒன்று அல்லது இரண்டு தலாக் மட்டும் சொல்லப்பட்டிருந்தால் அப்போதும் வழி உண்டு. ஆனால் புது நிக்காஹ், புது மஹர், பெண்ணின் சம்மதம், வலி, சாட்சிகள் எல்லாம் வேண்டும். இங்கேதான் காக்காமாரின் கையிலே அதிகாரம் வருகிறது. மஃகில் இப்னு யஸார் (ரலி) என்ற தோழர், தங்கையை ஒருவருக்குக் கொடுத்தார். அவர் தலாக் சொன்னார். இத்தா முடிந்துவிட்டது. பிறகு அவரே வந்து மீண்டும் பெண் கேட்டார். மஃகில் கொதித்துப் போனார். உனக்குக் கொடுத்து உன்னை மதித்தேன், நீ விட்டாய், இனி ஒருபோதும் தரமாட்டேன் என்று சத்தியம் செய்தார். தங்கையோ அவரைத்தான் விரும்பினார். அப்போதுதான் சூரத்துல் பகராவின் 232ஆம் வசனம் இறங்கியது. இருவரும் முறையாக ஒத்துக்கொண்டால் தடுக்காதீர்கள் என்பது அதன் கட்டளை. மஃகில் அதைக் கேட்டதும் தம் சத்தியத்தை விட்டார். தங்கையை அவருக்கே மீண்டும் நிக்காஹ் செய்து கொடுத்தார். கடிதம் எழுதிய சகோதரியே, இந்தப் பகுதியை உங்கள் காக்காவுக்கு வாசித்துக் காட்டுங்கள். சத்தியத்தை முறித்தால் அதற்குக் குற்றப்பரிகாரம் உண்டு. பத்து ஏழைகளுக்கு உணவு கொடுத்தால் தீர்ந்தது. தங்கையின் வாழ்க்கைக்கு அந்தப் பரிகாரம் மலிவுதான்.

மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னவர்களின் நிலை வேறு. நான்கு மத்ஹபுகளின் பிரபலமான தீர்ப்பு, மூன்றும் நிகழ்ந்துவிட்டது என்பதே. இப்னு தைமிய்யா போன்றோர் அதை ஒன்றாகக் கொண்டார்கள்; எகிப்து 1929இலேயே அதைச் சட்டமாக்கியது. இந்தியாவிலே 2017 ஓகஸ்ட் 22ஆம் திகதி உச்ச நீதிமன்றம் முத்தலாக்கைச் செல்லாது என்றது. 2019இலே அதைக் குற்றமாக்கிச் சட்டமும் வந்தது. இது தனிக் கட்டுரைக்குரிய விஷயம். இங்கே சொல்ல வேண்டியது ஒன்றுதான்: ஒன்று சொன்னவனுக்குத் திரும்ப வழியுண்டு, மூன்று சொன்னவன் தன் வழியைத் தானே இடித்துவிட்டு, பின்னர் ஆலிம்சாவிடம் வந்து பாலம் கட்டித் தரச் சொல்கிறான்.

மீட்டுக்கொள்ளும் உரிமை ஆணுக்கு உண்டென்பதால் அதை ஆயுதமாக்கவும் கூடாது. அறியாமைக் காலத்திலே, இத்தா முடியும் தறுவாயில் மீட்பதும் மறுபடி விலக்குவதுமாகப் பெண்ணைத் தொங்கவிட்டு வதைத்தார்கள். இரண்டு தடவை என்ற எல்லை அதற்காகவே வைக்கப்பட்டது. துன்புறுத்தும் எண்ணத்தோடு மீட்காதீர்கள் என்று பகராவின் 231ஆம் வசனம் தடுக்கிறது. திரும்பி வருபவர் எதற்காக வருகிறார் என்று நீங்கள் கேட்கலாம். எங்கே குடியிருப்பது, மாதம் எவ்வளவு தருவார், மாமியின் பேச்சை யார் நிறுத்துவது என்பதையெல்லாம் சாட்சிகளின் முன்னிலையிலே பேசித் தீர்த்துக்கொள்ளலாம். வேலணையிலே குடும்பத்தோடு வந்து இருப்பதா, அவர் புத்தளத்திலே தொழில் பார்ப்பதா என்பதையும்தான். தூரம் தீராமல் சண்டை மட்டும் தீர்ந்தால் ஆறு மாதத்தில் இன்னொரு கடிதம் எனக்கு வரும்.

வாழவே முடியாத சகோதரிகளுக்கு வாசல் அடைக்கப்படவில்லை. கொடுமை, பராமரிப்பின்மை, கைவிடுதல் முதலியவற்றுக்காகப் பஸ்ஹ் கேட்டுக் காதியிடம் மனுச் செய்யலாம். மூன்று முஸ்லிம் மதியுரைஞர்களோடு அமர்ந்து காதி அதை விசாரிப்பார். சாட்சிகள் வேண்டும், ஆகவே அயல்வீட்டுப் பெண்ணிடம் வாய்விட்டுச் சொல்லி வைத்திருப்பவளே அங்கே பிழைக்கிறாள், எல்லாவற்றையும் மூடி மறைத்தவள் திண்டாடுகிறாள்.

இன்னொன்று குல்உ. தாபித் இப்னு கைஸ் (ரலி) அவர்களின் மனைவி நாயகத்திடம் வந்து, அவருடைய மார்க்கத்திலோ குணத்திலோ நான் குறை சொல்லவில்லை, ஆனால் என்னால் வாழ முடியவில்லை என்றார். அவர் மஹராகக் கொடுத்தது ஒரு தோட்டம். அதைத் திருப்பிக் கொடுப்பாயா என்று கேட்டு, திருப்பிக் கொடுக்கச் செய்து, பிரித்துவைத்தார்கள். அங்கே தோட்டம் மாப்பிள்ளையிடமிருந்து பெண்ணுக்குப் போனது, பெண்ணிடமிருந்து திரும்பியது. எங்கள் ஊரிலே மஹர் சில ஆயிரம் ரூபாய். தோட்டமும் வீடும் இலட்சங்களும் பெண் வீட்டிலிருந்தே போகின்றன. பிறகு குல்உ கேட்டால், வீட்டை எழுதித் தா என்கிறார் சிலர்! கொடுத்த மஹரைத் திருப்பிக் கேட்கலாம். கொடுக்காத வீட்டை எப்படித் திருப்பிக் கேட்பது?

மணமகளுக்கென்று மணமகனிடம் கொடுக்கப்பட்ட பணமும் அசையும் பொருளும் சட்டத்திலே கைக்கூலி என்று பெயர் பெறும். அதைத் திருப்பிக் கேட்டு வழக்கிடும் உரிமையும் காதி நீதிமன்றத்திலேயே பெண்ணுக்கு உண்டு. ஆனால் கொடுத்ததற்கு ஆதாரம் வேண்டும். கலியாண நாளிலே பணக்கட்டு கைமாறும்போது எழுத்து எதுவும் கேட்பது மரியாதையில்லை என்று எங்கள் ஆட்கள் நினைக்கிறார்கள். 1990இலே விவாகப் பத்திரத்தைக்கூட எடுக்க நேரமில்லாமல் ஓடிய சமூகம் இப்படி நினைப்பது எனக்கு ஆச்சரியமாயிருக்கிறது. விவாகப் பதிவின் பிரதியொன்றையும், கொடுத்த தொகை, திகதி, பார்த்திருந்த இருவரின் பெயர் ஆகியவற்றை எழுதிய தாளொன்றையும் பெண் தன் கையிலே வைத்திருக்கட்டும். உம்மாவின் அலுமாரியிலே அல்ல, தன் கையிலே.